மைக் கைக்கு வராத பாட்டிகள்

டிசம்பர் 30 அன்று கரூர் மாவட்டம் கடவூர் பக்கம் உள்ள வானகம் பண்ணையில் கூடுகிறவர்களின் தோள்பையில் பெரும்பாலும் ஒரு விதைப் பொட்டலம் இருக்கும். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா 2013-இல் மறைந்த நாள் அது. மீத்தேன் திட்டத்துக்கு எதிராகக் காவிரி டெல்டாவில் ஊர் ஊராகப் பேசிவந்தவர், பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். வறண்ட மண்ணில் அவர் எழுப்பிய வானகத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

இப்படி இயற்கை விவசாயிகள் கூடும் இடங்களில் மூத்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்துவதைப் பார்க்கும்போதெல்லாம் மகிழ்ச்சியோடு ஒரு வருத்தமும் வரும். மைக்கைக் கொடுத்து, "ஐயா, சுருக்கமா ரெண்டு வார்த்தை" என்பார்கள். அறுபது வருஷ மழையைப் பார்த்தவர் எதைச் சுருக்குவார்? சாப்பாடு முடிந்து மர நிழலில் நாலு பிள்ளைகள் அவரைச் சூழ்ந்து, "தாத்தா, உங்க மேட்டுக்காட்டுல தண்ணி எந்தப் பக்கம் வடியும்?" என்று கேட்கிறார்களே, மரியாதை அங்கேதான் தொடங்குகிறது. வரப்பை எங்கே உயர்த்தணும், துவரையை எத்தனை சாலுக்கு ஒரு சால் போடணும் என்று பேச்சு நீளும்.

இந்தப் பேச்சு ஏன் அவ்வளவு முக்கியம்? பில் மாலிசனோடு சேர்ந்து 1970களில் ஆஸ்திரேலியாவில் பெர்மாகல்ச்சர் என்னும் நீடித்த வேளாண் வடிவமைப்பு முறையை உருவாக்கிய டேவிட் ஹோம்கிரன், பிற்பாடு 12 கோட்பாடுகளை வகுத்தார். நிலத்தை உற்றுப் பார்த்துச் செயல்படு என்பதுதான் முதலாவது. புதிதாக நிலம் வாங்கியவர் ஒரு வருஷம் பார்க்கலாம். ஆனால் 2015-இல் சென்னையை மூழ்கடித்த அதே வடகிழக்குப் பருவமழை, 2016-இல் தமிழகம் முழுக்கப் பொய்த்தது. இதில் எந்த வருஷத்தை நம்பிக் குளம் வெட்டுவது? இரண்டையும் பலமுறை பார்த்தவரிடம்தான் கேட்க வேண்டும்.

மூப்பு என்பதை வயதால் மட்டும் அளக்க முடியாது. பாரம்பரிய நெல் விதைகளை மீட்ட நெல் ஜெயராமன் 2018-இல் காலமானபோது அவருக்கு ஐம்பது வயதுதான். ஆதிரெங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல் வாங்கிப் போனவர், மறுவருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த ஏற்பாட்டால் பூங்காரும் காட்டுயானமும் மறுபடி வயலுக்கு வந்தன. ஒரு மூத்தவருக்கு, அவர் தந்த விதையைப் பெருக்கித் திருப்பித் தருவதைவிட நல்ல மரியாதை எனக்குத் தெரியவில்லை.

ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். மேடைக்கு அழைக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். விதையைக் காத்த கைகளோ பெரும்பாலும் பெண்களுடையவை. சுரைவிதையைச் சாம்பலில் புரட்டி எடுத்துவைத்தது, எந்தக் காயை விதைக்கு விடுவது என்று கொடியிலேயே பார்த்து முடிவு செய்தது எல்லாம் அவர்கள்தான். இயற்கை விவசாயி தேக்கம்பட்டி பாப்பம்மாள் நூறு வயதைக் கடந்தும் வயலில் இறங்கியவர். 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்த பிறகே பலருக்கு அவர் பெயர் தெரிந்தது. அவரும் 2024-இல் போய்விட்டார். விருது எதுவும் எட்டாத பாட்டிகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

அவர்களைப் பஸ் ஏற்றிக் கூட்டத்துக்கு அழைத்து வருவதைவிட, கூட்டத்தை அவர்கள் கொல்லைக்குக் கொண்டுபோகலாம். அவரைக்கொடிப் பந்தலுக்கு அடியில் நிற்கும்போது ஒரு பாட்டிக்கு நினைவு வருவதில் பாதிகூட மண்டபத்து நாற்காலியில் வராது. வருஷத்துக்கு ஓர் ஊர் என்று வைத்துக்கொண்டாலும் போதும், உடனே தொடங்கலாம்.