வாசப்பூ ஆகாது

கல்யாண மண்டபத்தில் மேடை அலங்காரத்தைப் படம் பிடிக்காதவர் இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் மேஜை போட்டவர்களை யாரும் கேட்பதில்லை. அவர்களைப் பார்க்கத்தான் ஒரு வைகாசி முகூர்த்தத்துக்கு முந்தின நாள் திண்டுக்கல் போயிருந்தேன்.

காலையில் பூ மார்க்கெட். நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் விடியுமுன் பறித்த மல்லிகை மூட்டை மூட்டையாக இறங்கிக்கொண்டிருந்தது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியில் ஒரு பங்கு விளைவது இந்த மண்ணில்தான். பெயர் மட்டும் மதுரைக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மேஜைக்குச் சரம் கட்ட வந்த அக்கா அந்த மூட்டைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சாப்பாட்டு மேஜைக்கு வாசப்பூ ஆகாது சார். ரசம் மணக்கவேண்டிய எடத்துல மல்லி மணந்தா சமையல் மாஸ்டர் என்னையத்தான் வைவாரு."

அவர் வாங்கியது கோழிக்கொண்டையும் வாடாமல்லியும். சரத்தை மேஜையின் முன்விளிம்போடு ஒட்டி, நாலு விரல் ஆழத்துக்கு மேல் தொங்காமல் கட்டினார். அதற்குக் கீழே இறங்கினால் சாம்பார் வாளி உரசும். மேஜை மேல் ஒரு பூ கிடையாது.

மாலையில் இலைக்கட்டு வந்தது. பூவன் இலை, மெல்லிசாக இருக்கும், சட்டென்று கிழியாது. ஈரச் சாக்கை விரித்து உட்கார்ந்த பெரியவர், முதல் பந்திக்கு நுனி இலை, காலை டிபனுக்கு ஏடு என்று பிரித்துப் போட்டார். கண் பார்ப்பதற்குள் கை தள்ளிவிடுகிறது. ஓரம் கிழிந்த இலையை மட்டும் விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார்: கிழிசல் நடுநரம்பு வரை ஓடியிருந்தால் கழிவு, இல்லையென்றால் ஏட்டுக்கு.

மறுநாள் பந்திக்கு முன் பேப்பர் ரோல். மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க வெறும் மேஜையில் தண்ணீர் தெளித்து, அந்த ஈரத்தின்மேல் ஒருவர் பிடிக்க ஒருவர் உருட்டிக்கொண்டே போகிறார்கள். பின்னாலேயே இலை. நுனி சாப்பிடுபவருக்கு இடப்பக்கம் வரவேண்டும். எதிரே நின்று போடுபவருக்கு அது வலப்பக்கம். புதுப் பையன் ஒருவன் மாற்றிப் போட்டுவிட, "தம்பி, ஒனக்கா சோறு போடுறோம்?" என்று அதட்டல் வந்தது. இவ்வளவும் செய்பவர்களுக்குச் சமையல் காண்ட்ராக்டில் நாள் கூலி. மேடைப் பூவுக்குத் தனி ரசீது உண்டு. இவர்கள் வேலை சாப்பாட்டு விலைக்குள் அடங்கிப்போகிறது. இது சரியில்லை என்பது என் கட்சி.

இப்போதெல்லாம் ரிசப்ஷன் மேஜையில் பூச்சாடியும் மெழுகுவத்தியும் வைக்கச் சொல்கிறார்கள். தானே எடுத்துப் போட்டுக்கொள்ளும் விருந்துக்கு அது பொருந்தலாம். கூட்டு, பொரியல், பாயசம் என்று கை மாறி மாறி வந்துபோகும் பந்தியில் அது இடைஞ்சல்தான்.

கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாப்பாட்டு மேஜையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட பொருள். பளபளப்பாக இருக்கிறதென்று யாராவது கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். பேப்பர் ரோல்தான் என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மேஜை போடுபவர்களின் கூலியையும் அதே தாளில் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள்.