எண்ணெய் எண்ணெய்தானே!

"எல்லாம் எண்ணெய்தானே?" என்று யாராவது சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நல்லெண்ணெயும் எண்ணெய்தான், விளக்கெண்ணெயும் எண்ணெய்தான், மண்ணெண்ணெயும் எண்ணெய்தான். அதற்காக மண்ணெண்ணெயில் யாராவது வடை சுடுவார்களா? ஆனால் ஏறக்குறைய அந்தக் காரியத்தைத்தான் நான் செய்தேன். படித்தவள், பத்திரிகை ஆபீசில் வேலை பார்ப்பவள், பிறர் எழுத்தில் ஒற்றுப் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள்! நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கோடை விடுமுறைக்குக் குழந்தைகளுடன் சேலத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். என் தம்பிக்குச் சைக்கிள் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் விடியுமுன் ஏற்காட்டு மலைக்குக் கிளம்பிவிடுவான். அவனுடைய சைக்கிள் நம் தாத்தா காலத்துச் சைக்கிள் அல்ல. பிரேக் பிடிக்கக் கம்பியும் கிடையாது, ரப்பர் கட்டையும் கிடையாது. சக்கரத்தின் நடுவில் ஓர் எஃகுத் தட்டு, அதை இரு பக்கமும் கவ்விப் பிடிக்க ஓர் இடுக்கி, கைப்பிடியிலிருந்து இடுக்கி வரை மெல்லிய குழாய், குழாய்க்குள்ளே திரவம். கைப்பிடியை அழுத்தினால் அந்த அழுத்தத்தைத் திரவம் அப்படியே கொண்டுபோய் இடுக்கியிடம் சேர்க்கும். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த பாஸ்கல் கண்ட விதி. பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் நெட்டுருப் போட்டதுதான்.

வெள்ளிக்கிழமை மாலை, "முன் பிரேக் பஞ்சு மாதிரி அமுங்குது, அக்கா. நாளைக்குக் கடையிலே காட்டணும்" என்று சொல்லிவிட்டுத் தம்பி இரவு வேலைக்குப் போய்விட்டான். பாவம், பிள்ளைக்கு ஏது நேரம்! நாமே செய்து வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. கைப்பேசியில் யாரோ செய்து காட்டியதைப் பார்த்தேன். பிரமாத வித்தையாகத் தெரியவில்லை. தெருமுனை மோட்டார் சாமான் கடைக்குப் போய், "பிரேக் ஆயில் கொடுங்கள்" என்றேன்.

"என்ன வண்டிக்கும்மா?" என்று கேட்டார் கடைக்காரர்.

சைக்கிளுக்கு என்றால் சிரிப்பாரோ என்று கூச்சம். "ஸ்கூட்டருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவரும் ஸ்கூட்டருக்கு உரியதையே கொடுத்தார். புட்டியின் மேல் டாட் 4 என்று எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்து கைப்பிடியிலிருந்த சின்ன மூடியைக் கழற்றினேன், ஊற்றினேன், நாலைந்து தடவை அழுத்தினேன், மூடினேன். பிரேக் கல் மாதிரி நின்றது! மறுநாள் தம்பி அழுத்திப் பார்த்துவிட்டு, "அட, தானே சரியாயிட்டுதே!" என்றான். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். மலைக்குப் போய்விட்டு வரட்டும், அப்புறம் சொல்லி மெச்சிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஏற்காட்டிலிருந்து போன் வந்தது.

"அக்கா, முன் பிரேக்கை அழுத்தினா கைப்பிடி திரும்பி வரமாட்டேங்குது. ஓரத்திலே எண்ணெய் வேறே கசியுது. வீட்டிலே யாராவது தொட்டீங்களா?"

உங்களிடம் ஒளிப்பானேன்? குழந்தைகள் விளையாடியிருப்பார்கள் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அடுத்த கணம் அந்த மலைப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் கண்முன் வந்தன. "நான்தாண்டா ஊற்றினேன்" என்றேன். எதை ஊற்றினேன் என்பதையும் சொன்னேன். அந்தப் பக்கத்தில் சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "நல்ல வேளை, இறங்கறதுக்கு முன்னாடி கேட்டேன்" என்றான். சைக்கிளை ஒரு சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான்.

சைக்கிள் கடைப் பெரியவர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார். கைப்பிடிக்கு அருகே நீலப் பூச்சில் ஒரு சொட்டு அளவுக்குத் தோல் உரிந்திருந்தது. "டாட் சிந்தினால் பெயிண்டைத் தின்னும், அம்மா. உள்ளே இருக்கிற ரப்பரை மட்டும் விட்டுவைக்குமா?" என்றார். அன்று அவரிடம் தெரிந்துகொண்டதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

டாட் என்பது நாம் வழக்கமாக ஆயில் என்று சொன்னாலும் எண்ணெயே அல்ல; கிளைக்கால் ஈதர் என்னும் வகை ரசாயனம். இன்னொரு ஜாதி மினரல் ஆயில். அதுதான் உண்மையான எண்ணெய். ஒன்றுக்கென்று செய்த ரப்பர் வளையம் மற்றொன்று பட்டால் ஊதிக் கெட்டுவிடும். டாட் நம் வீட்டு உப்பு ஜாடியைப் போல. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிய டாட் 4 கொதிப்பதற்குக் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும்; ஈரம் ஏறிவிட்டால் 155 போதும். டாட் 5.1-க்கு இதே கணக்கு 260, 180. நீண்ட இறக்கத்தில் பிரேக் பழுக்கச் சூடேறும்போது திரவம் கொதித்தால் ஆவிக் குமிழ் உண்டாகும். குமிழ் அமுங்கும், பிரேக் பிடிக்காது. ஆகையால் டாட் போட்ட பிரேக்குக்கு அவ்வப்போது புதிது மாற்ற வேண்டும். புட்டியைத் திறந்து மாதக் கணக்கில் வைத்திருந்ததை ஊற்றலாகாது. வெறும் டாட் 5 என்பதோ சிலிக்கான், 5.1-க்குத் தம்பி போலப் பெயர் இருந்தாலும் உறவே கிடையாது, கலக்கக் கூடாது.

மினரல் ஆயில் ஈரத்தை இழுக்காது. ஆனால் தண்ணீர் எப்படியாவது உள்ளே புகுந்தால் அது பிரிந்து அடியில் இடுக்கியிலேயே தங்கும். 100 டிகிரியில் கொதித்துவிடும். ஷிமானோவின் மினரல் ஆயில் சிவப்பு, மகுராவினுடையது நீலம். ஹோப் பிரேக்குகளுக்கு டாட். ஸ்ராம் கம்பெனியில் பல பிரேக்குகளுக்கு டாட். ஆனால் 2022-ல் வந்த டிபி8, 2024-ல் வந்த மேவன் ஆகியவற்றுக்கு மினரல். எனவே கம்பெனிப் பெயரை மட்டும் பார்த்தும் முடிவு செய்ய முடியாது. டாட்டுக்கு இருப்பதுபோல் மினரலுக்குப் பொதுவான தரக் கணக்கும் இல்லை. அந்தந்த பிரேக்குக்கு அதைச் செய்தவர்கள் சொன்னதே சரி. குழந்தைக்குத் தடவும் எண்ணெயும் மினரல் ஆயில்தானே என்று உங்களில் யாருக்காவது தோன்றினால், தயவு செய்து என்னை நினைத்துக்கொள்ளுங்கள்!

ஆகவே எந்தத் திரவம் நல்லது என்ற கேள்வியே நமக்கு வேண்டாம். செய்தவன் தேர்ந்தெடுத்து மூடியின் மேலேயே எழுதி வைத்திருக்கிறான். தம்பியின் சைக்கிளிலும் 'மினரல் ஆயில் மட்டும்' என்று பொடி எழுத்தில் இருந்தது. அந்த மூடியைத்தான் நான் முந்தானையால் துடைத்துத் துடைத்து மூடினேன்!

கழுவிப் பயனில்லை, ரப்பர் போய்விட்டது என்று பெரியவர் முன் பிரேக்கை முழுதாக மாற்றினார். பட்டுப் புடவைக்கு வைத்திருந்த பணம் அதற்குப் போயிற்று. புடவை போனதில் வருத்தமில்லை. அவன் அன்று கேட்காமலே கிளம்பியிருந்தால்... அதை நினைத்தால்தான் இன்றும் கை நடுங்குகிறது. அன்பாகச் செய்கிறோம் என்ற எண்ணத்தில், கேட்க வேண்டிய ஒரு வார்த்தையை நாம் எத்தனை முறை கேட்காமல் விட்டுவிடுகிறோம்!

தம்பி என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. ஊருக்குத் திரும்பும்போது ரயிலடியில் ஒரு பொட்டலம் கொடுத்தான். பிரித்துப் பார்த்தேன். பொடி எழுத்துப் படிக்கிற பூதக்கண்ணாடி!