வேலியோரம் நின்றவன்

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற எங்கள் இருவருக்கும், பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்வது என்றாலே இன்றும் உள்ளூர ஒரு கலக்கம் எழும். தலை எண்ணிக்கை சரியாக இருக்கிறதா, யாரேனும் பின்தங்கிவிட்டார்களா, கட்டுச்சோறு கெட்டுவிடுமோ என்பவையே அந்நாளில் எங்கள் கவலைகள். போன இடத்தில் பிள்ளைகள் எதைக் கற்றார்கள் என்று நாங்கள் கேட்டதாக நினைவில்லை. திரும்பி வந்த மறுநாள் 'நான் சென்ற சுற்றுலா' என்று ஒரு பக்கம் எழுதச் சொல்வோம். நாற்பது பிள்ளைகளும் ஒரே கட்டுரையை எழுதித் தருவார்கள். அத்துடன் சரி.

2023ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் மகள் வீட்டில் தங்கியிருந்தோம். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் பேரன் ஒரு நாள் பள்ளியிலிருந்து ஒரு கற்றைத் தாளைக் கொண்டுவந்தான். சின்சினாட்டி நகருக்கு அருகே, மேசன் என்னும் ஊரில் உள்ள கிங்ஸ் ஐலண்ட் கேளிக்கைப் பூங்காவுக்கு வகுப்பு முழுவதும் போகிறதாம். மேடும் பள்ளமுமான தண்டவாளத்தில் தலைதெறிக்க ஓடும் ரோலர் கோஸ்டர் வண்டிகளுக்குப் பெயர் பெற்ற இடம் அது. அங்கே போய்ப் பாடம் படிக்கப் போகிறார்கள் என்றான். துணைக்குப் பெரியவர்கள் வேண்டும் என்றும் தாளில் எழுதியிருந்தது. மகளுக்கும் மருமகனுக்கும் அலுவலகம். நாங்கள் பெயர் கொடுத்தோம். பாடமாவது, பூங்காவாவது என்ற ஐயத்தோடுதான் கொடுத்தோம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

பூங்காவுக்குப் போகும் முன்பே பாடம் தொடங்கிவிட்டது. குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாய் உறைந்துவிடாதிருக்க அந்நாட்டில் குழாயின்மேல் பஞ்சு போன்ற ஓர் உறையைப் போர்த்துகிறார்கள். அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் வாய்க்கால் போன்ற ஒரு பாதை கிடைக்கிறது. பேரன் அதைக் கூடத்துச் சுவரில் ஒட்டி, ஒரு மேடும் அதன்பின் இன்னொரு மேடும் அமைத்து, உச்சியிலிருந்து கோலிக்குண்டை உருட்டினான். இரண்டாவது மேட்டை முதல் மேட்டின் உயரத்துக்கே வைத்தான். குண்டு பாதிவரை ஏறி, திகைத்து நின்று, பின்னோக்கி வந்துவிட்டது. எங்களுள் கணக்கு கற்பித்தவர் (வீட்டு அம்மாள்தான்) வாய் திறக்கப் போனார். மற்றவர் கையைப் பிடித்து நிறுத்தினார். பையன் ஐந்தாறு முறை உருட்டிப் பார்த்துவிட்டு, இரண்டாம் மேட்டைத் தானாகவே தாழ்த்தினான். குண்டு தாண்டிப் போயிற்று. முதல் மேட்டின் உயரத்தில் சேர்த்து வைத்த ஆற்றலை, உராய்வும் காற்றும் வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்கின்றன என்பதை ஒரு கோலிக்குண்டு சொல்லிவிட்டது. நாங்கள் அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னவர்கள்.

புறப்படுவதற்கு முந்திய இரவு பையன் சாப்பிடவில்லை. வயிற்றுவலி என்றான். அது எந்த வயிற்றுவலி என்று தெரிந்துகொள்ள முப்பது ஆண்டு ஆசிரிய அனுபவம் எங்களுக்குத் தேவைப்படவில்லை. நெடுநேரம் கழித்து, "பாட்டி, நான் ஏறமாட்டேன். எல்லாரும் சிரிப்பார்கள்" என்று இருட்டில் சொன்னான்.

வகுப்பு அளக்கப் போனது அங்கிருந்த பெரிய வண்டிகளை அல்ல. சிறுவர்களுக்கென்று ஒதுக்கிய பகுதியில், 'பீனட்ஸ்' சித்திரக்கதையில் வரும் மஞ்சள் குருவியின் பெயரைத் தாங்கிய உட்ஸ்டாக் எக்ஸ்பிரஸ் என்ற மரச்சட்ட வண்டிதான் அவர்களுக்குக் குறிக்கப்பட்டிருந்தது. ஸ்நூப்பி என்னும் நாயின் தோழன் அந்தக் குருவி. அக்கதையை வரைந்த சார்லஸ் ஷுல்ஸ் 1950இல் தொடங்கி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், உதவி ஓவியர் எவரும் இல்லாமல் தாமே வரைந்தார்.

இந்த வண்டியின் கதையும் ஒரு சித்திரக்கதைதான். பூங்கா திறக்கப்பட்ட 1972இல், ஜான் ஆலன் என்ற புகழ்பெற்ற வடிவமைப்பாளரின் கைவண்ணத்தில் உருவான இதற்கு முதற்பெயர் ஸ்கூபி டூ. பூங்காவின் உரிமையாளராக இருந்த டாஃப்ட் நிறுவனமே, அந்த நாயைத் திரையில் உலவவிட்ட ஹன்னா-பார்பெரா நிறுவனத்துக்கும் உரிமையாளர். 1979இல் அதே பூங்காவில் 'பீஸ்ட்' என்ற மாபெரும் மரவண்டி வந்தது. அடுத்த ஆண்டு இந்தச் சின்னது 'பீஸ்டி' ஆயிற்று. அதாவது பெரிய மிருகத்தின் குட்டி. 2006இல் தொலைக்காட்சித் தேவதைகளின் பெயரொன்று சூட்டினார்கள். பூங்கா கைமாறியபின் 2010இல் குருவி வந்து உட்கார்ந்தது. நாய் போய், குட்டி மிருகம் போய், தேவதை போய், குருவி வந்திருக்கிறது. 38 அடி உயரமும் 1350 அடி நீளமும் மட்டும் அப்படியே இருக்கின்றன. கார்ட்டூன் பெயரும் வண்ணமும் பிள்ளையைக் கைபிடித்து அழைத்து வருகின்றன. அழைத்து வந்தபின் கற்பிக்க வேண்டியதை அந்த மரச்சட்டம் கற்பிக்கிறது.

பூங்கா வாயிலில் ஆசிரியை பிள்ளைகளை நால்வர் நால்வராகப் பிரித்தார். ஒவ்வொரு குழுவிலும் மூவர் ஏறலாம், ஒருவர் கட்டாயம் வேலியோரம் நிற்க வேண்டும் என்றார். ஓடும் வண்டியில் கையில் எதையும் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். கடிகாரமும் தாளும் கீழேதான் இருந்தாக வேண்டும். ஆகவே நிற்பவர் ஏறாதவர் அல்லர், அளப்பவர். "யார் அளக்கிறீர்கள்?" என்று அவர் கேட்டு முடிக்குமுன் எங்கள் பையனின் கை உயர்ந்துவிட்டது. சிரிக்க யாருக்கும் இடமே இல்லாதவாறு அந்த அம்மையார் அதை அமைத்திருந்தார்.

அவன் செய்த வேலைகளை எல்லாம் சொல்லப் புகுந்தால் இதழ் கொள்ளாது. பாகைமானியின் நேர்விளிம்பில் ஓர் உறிஞ்சுகுழலை ஒட்டி, நடுவிலிருந்து நூலில் ஒரு இரும்பு நட்டைக் கட்டித் தொங்கவிட்ட கருவி ஒன்று ஒவ்வொரு குழுவிடமும் இருந்தது. குழல் வழியே மேட்டின் உச்சியைப் பார்த்தால் நூல் எந்தப் பாகையில் விழுகிறதென்று குறிக்கலாம். சட்டத்தின் அடி வேலிக்குப் பத்து அடி அப்பால் இருப்பதாக ஆசிரியை சொல்லியிருந்தார். பையன் வேலியிலிருந்து இருபத்தைந்து அடியெடுத்துப் பின்னால் நடந்தான். அவனுடைய ஓர் எட்டு இரண்டு அடி. ஆக மொத்தம் 60 அடி. நூல் 60 பாகையில் நின்றது. அப்படியானால் ஏற்றக்கோணம் 30 என்று அவனே கழித்துக்கொண்டான். கட்டத்தாளில் ஒரு கட்டத்துக்கு ஓர் அடியாக முக்கோணம் வரைந்து, உயரம் முப்பத்துநான்கரை அடி என்று எழுதினான்.

தவறு எங்கே என்று எங்களுக்கு அக்கணமே தெரிந்துவிட்டது. அவன் கண் தரையில் இல்லையே! சொல்லிவிட நாக்குத் துடித்தது. கூடத்துக் கோலிக்குண்டை நினைத்து அடக்கிக்கொண்டோம்.

அடுத்தது நேரம். வண்டி நிலையத்தை விட்டுக் கிளம்பித் திரும்பி வரும்வரை மூன்று முறை கணக்கிட்டான். 88, 91, 91 விநாடிகள். சராசரி 90. 1350 அடியைத் தொண்ணூறால் வகுத்தால் விநாடிக்கு 15 அடி. மணிக்குச் சற்றேறக்குறையப் பத்து மைல். பையன் எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். "தாத்தா, இது என் சைக்கிளின் வேகம்தானே!" என்றான். உச்சவேகம் 35 மைல் என்று சொல்லப்படும் வண்டிதான், சங்கிலியில் ஊர்ந்து ஏறும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் சைக்கிளாகிவிடுகிறது. (38 அடியிலிருந்து விழும் பொருளுக்குச் சூத்திரம் தரும் வேகம் 34 மைலுக்குச் சற்றுக் குறைவு. வண்டி உச்சியைக் கடக்கும்போதே கொஞ்சம் வேகம் இருக்கும். எண்ணை முழுமையாக்கிச் சொல்லும் வழக்கமும் உண்டு. இந்தக் கணக்கை எங்களுள் ஒருவர் தம் கைப்பையில் கிடந்த ரசீதின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டார். பழக்கம் எளிதில் போகுமா?)

பின்பு ஒரு கேள்வி: பயணிகள் எங்கே கத்துகிறார்கள்? தண்டவாளத்தின் படத்தில் குறிக்க வேண்டும். ஏறிவந்த மூவரும் மேட்டைத் தாண்டும்போது உடல் லேசாகிப் போனதையும், பள்ளத்தில் யாரோ தோளைப் பிடித்து அழுத்தியது போலிருந்ததையும் சொன்னார்கள். அளப்பவன் அந்த இடங்களையும் குறித்துக்கொண்டான். ஆனால் முதற்கூச்சல் எழுந்தது இவ்விரண்டு இடங்களிலும் அல்ல, இன்னும் ஒன்றுமே நடவாத இடத்தில். வண்டி மெல்ல மேலேறும்போது கீழே 'கடகட' என்று ஓர் ஓசை வரும். அங்கேதான் கத்தினார்கள். அது என்ன ஓசை என்று பையன் ஆசிரியையிடம் போய்க் கேட்டான். ஏறும் வண்டி தவறிப் பின்னோக்கி உருண்டுவிடாதபடி, பல் பல்லாகப் பிடித்துக்கொள்ளும் கொக்கியின் ஓசை அது என்று அவர் விளக்கினார். முந்திய இரவு அவனைச் சாப்பிடவிடாமல் செய்ததும் அந்த ஓசைதான். நண்பன் ஒருவன் கைப்பேசியில் காட்டிய படத்தில் கேட்டானாம். பயமுறுத்தியது காப்பாற்றும் கொக்கி! அவன் அதைத் தாளின் ஓரத்தில் பெரிய எழுத்தில் எழுதி, கீழே இரட்டைக் கோடும் போட்டான்.

குழுவினரின் நாடியையும் அவனே எண்ணினான். மூவரில் இருவருக்கு, இறங்கிய பின் இருந்ததைவிட ஏறுவதற்காக வரிசையில் நின்றபோதே துடிப்பு அதிகம். "எனக்கு மட்டுமல்ல, பாட்டி" என்று காதோடு சொன்னான்.

பதினோரு மணிக்குப் பின் அவனைச் சுற்றி ஒரே கூட்டம். "உன் மூன்று நேரமும் என்ன?" "உயரம் எவ்வளவு போட்டாய்?" என்று மற்றக் குழுப் பிள்ளைகள் ஓடி வந்தவண்ணம் இருந்தார்கள். ஏறியவர்களிடம் சொல்ல அனுபவம் இருந்தது. எண் அவனிடமே இருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே நினைவு வந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

1981ஆம் ஆண்டு, ஒரு கடற்கரை ஊரின் கலங்கரை விளக்கத்துக்கு எங்கள் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்றோம். உள்ளே சுழற்படி. பத்துப் படி ஏறியதும் ஒரு பையன் சுவரைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினான். பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். நாங்கள் கண்டித்தோமா என்றால், இல்லை. நாங்களும் சிறிது சிரித்தோம். "நீ போய்ச் சோற்று மூட்டைகளுக்குக் காவல் இரு" என்று கீழே அனுப்பினோம். மேலிருந்து பார்த்தபோது, வெயிலில் மூட்டைகளுக்கு நடுவே கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். அதன்பின் அவனுக்கு வகுப்பில் 'மூட்டை' என்று பெயராயிற்று. அடுத்த ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை. காரணம் அதுதான் என்று சொல்ல எங்களிடம் சான்று இல்லை. அல்ல என்று சொல்லவும் துணிவில்லை.

ஒரு கோலும், நூலும், அந்தக் கோபுரத்தின் நிழலும் அவனுக்குப் போதுமாக இருந்திருக்கும். கோலின் நிழலுக்குக் கோல் எவ்வளவோ, கோபுர நிழலுக்குக் கோபுரம் அவ்வளவு. அந்தப் பாடத்தை எங்களுள் ஒருவர் அதே மாதந்தான் வகுப்பில் நடத்தியிருந்தார்.

மதிய உணவுக்குப் பின் கடைசிப் பயிற்சி. அன்றைய அனுபவத்தை நாளிதழில் வரும் சித்திரக்கதை போல நான்கே கட்டங்களில் வரைய வேண்டும். அக்கதையில் உட்ஸ்டாக் குருவி பேசுவதை எழுத்தில் எழுதமாட்டார்கள். சின்னச் சின்னக் கோடுகளாகப் போடுவார்கள். ஸ்நூப்பிக்கு மட்டும் அது விளங்கும். பேரனின் முதற்கட்டத்தில் வேலியோரம் ஒரு குருவி தனியே நிற்கிறது. தலைக்கு மேலே கோடுகள். இரண்டாவதில் அதன் சிறகில் ஒரு கடிகாரம். மூன்றாவதில் குருவியைச் சுற்றிப் பிள்ளைகள். நான்காவதில் வண்டி காலியாக நிற்கிறது, குருவி அதைப் பார்க்கிறது, மறுபடியும் கோடுகள். என்ன சொல்கிறது என்று கேட்டோம். சொல்ல மறுத்துவிட்டான்.

அவன் அன்று வண்டியில் ஏறவில்லை. ஏறினான் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், நடந்தது அதுவல்ல.

வீடு திரும்பிய இரவு சுவரோரம் நின்று, கண் மட்டத்தில் பென்சிலால் கோடு போடச் சொன்னான். அளந்தால் சரியாக நான்கு அடி. முப்பத்துநான்கரையை அடித்து முப்பத்தெட்டரை என்று எழுதினான். உண்மையளவு 38 என்று அறிந்ததும், "அந்த அரை அடி நூல் ஆடியதால் வந்தது" என்று பெரிய மனிதன் போலத் தீர்ப்பளித்தான். அந்த மகிழ்ச்சியின் நடுவேதான் கலங்கரை விளக்கத்துப் பையனைப் பற்றி அவனிடம் சொன்னோம். நாங்கள் சிரித்ததையும் மறைக்கவில்லை.

நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அவர் அங்கே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார், தாத்தா?" என்று கேட்டான்.

நாங்கள் அளக்கவில்லை என்றோம்.