குட்டு வேணும், டீச்சர்!

"உங்க மிஸஸ் என்ன பண்றாங்க?" என்று யாராவது கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. 'பால்வாடி டீச்சர்' என்றால் கேட்டவர் முகத்தில் ஒரு 'ஓஹோ' வரும். "பிள்ளைங்களைப் பார்த்துக்கிட்டு, பாட்டுச் சொல்லிக் கொடுத்து, மத்தியானம் தூங்க வைக்கிற வேலை. ஜாலிதான்!" என்பார். இப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மத்தியானம் ஆபீஸில் தூங்குகிறவர்கள் என்பது என் அனுபவம்.

நான் மதுரைப் பக்கத்துக்காரன். பி.காம். முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் டெபிட், கிரெடிட் எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது பத்திரிகைகளுக்கு எழுதுவதும், நாலு கடைகளுக்கு ஜி.எஸ்.டி. ரிடர்ன் போடுவதுமாகப் பிழைப்பு. மனைவி ஓசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், பக்கத்து வீட்டில் கன்னடம். கோபம் வந்தால் மூன்றிலும் திட்டுவாள். எனக்குப் பாதிதான் புரியும் என்பதால் எங்கள் குடும்ப வாழ்க்கை சுமுகமாகப் போகிறது.

அவள் வேலை பார்க்கும் மையம், தளி போகிற சாலையிலிருந்து உள்ளே விலகிய ஒரு கிராமத்தில். தளி என்றால் வெள்ளைக்காரர்கள் குளிருக்கு மயங்கி 'லிட்டில் இங்கிலாந்து' என்று பேர் வைத்த ஊர். 1956-ல் மொழிவாரியாக மாநிலம் பிரித்தவர்கள் கோட்டை மேப்பில்தான் போட்டார்கள், ஜனங்களின் நாக்கில் போடவில்லை. அதனால் இந்தப் பக்கத்துத் தெரு ஒன்றில் நீங்கள் நடந்து போனால், முதல் வீட்டில் ராகிக்குக் களி என்று பேர், அடுத்த வீட்டில் முத்தெ, அதற்கடுத்த வீட்டில் சங்கட்டி. உருண்டை ஒன்றேதான்.

பெரியவர்களுக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. வாரச் சந்தையில் மூன்று பாஷையிலும் பேரம் பேசுவார்கள். மூன்று வயசுக் குழந்தைக்கு அப்படி இல்லையே! அது வீட்டிலிருந்து ஒரே ஒரு பாஷையை மட்டும் கட்டிக்கொண்டு வருகிறது. மையத்தில் பாட்டு தமிழ், கதை தமிழ், சுவரில் ஒட்டியிருக்கும் அணில் படத்தின் கீழே எழுத்தும் தமிழ்.

ஒருமுறை என் மனைவி லீவில் இருந்தபோது, கல்யாணமாகித் தஞ்சாவூரிலிருந்து இந்தப் பக்கம் வந்த ஒரு டீச்சர் இரண்டு நாள் பொறுப்புப் பார்த்தார். முட்டை போடுகிற நாள். தட்டை நீட்டிக்கொண்டு ஒரு பொடியன், "டீச்சர், குட்டு!" என்றான்.

"நான் ஏன்டா கண்ணு உன்னைக் குட்டப் போறேன்?" என்று பதறிவிட்டார் அந்தம்மா. பையன் விடவில்லை. "குட்டு... குட்டு..." என்று அழ ஆரம்பித்துவிட்டான். பக்கத்தில் இருந்த கன்னடத்துப் பெண் குழந்தை ஒத்தாசைக்கு வந்து "மொட்டெ! மொட்டெ!" என்றது. டீச்சர் கை தன்னிச்சையாகத் தலைமுடியைத் தடவிப் பார்த்துக்கொண்டதாம்.

தெலுங்கில் முட்டைக்குக் குட்டு, கன்னடத்தில் மொட்டெ. ஆயா வந்து பஞ்சாயத்துப் பண்ணி ஆளுக்கொரு முட்டை கொடுத்ததும் வழக்கு முடிந்தது. மறுநாள் இன்னொரு பிள்ளை "கடுபு, கடுபு" என்று சிணுங்கியிருக்கிறது. மூன்றரை வயசிலேயே வாழ்க்கை இவ்வளவு கடுப்பா என்று டீச்சர் குழம்பிப் போனார். கடுபு என்றால் தெலுங்கில் வயிறு. அதற்கு வயிற்று வலி, பாவம்.

கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. வயிற்று வலியை வயிற்று வலி என்று சொல்லியும் ஒருவருக்கும் புரியாமல் போகிற இடத்தில், தினமும் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்து பாருங்கள். (புது மேனேஜர் வந்தபோது நமக்கும் கிட்டத்தட்ட இதே நிலைமைதான். ஆனால் நமக்குச் சம்பளம் உண்டு.)

மையத்து வேலை முடிந்ததும் டீச்சர் வீட்டுக்கு வந்துவிடலாம் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ம் தேதி நாடு முழுக்க 33 வட்டாரங்களில் ஆரம்பித்தது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துச் சொச்சம் மையங்கள். ஆரம்பத்திலிருந்தே இதில் வீடு வீடாகப் போவது ஒரு வேலை. பிள்ளைத்தாய்ச்சிகள் வீடு, குழந்தை பிறந்த வீடு, எடை ஏறாத பிள்ளையின் வீடு என்று பட்டியல் உண்டு. கையில் ஒரு டேப் வைத்திருப்பாள். குழந்தையின் மேல்கையைச் சுற்றிப் பிடித்தால் 12.5 சென்டிமீட்டருக்கு மேல் பச்சை, கீழே மஞ்சள், 11.5-க்கும் கீழே போனால் சிவப்பு. டிராஃபிக் சிக்னல் மாதிரி. சிவப்பைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் சாப்பாடு இறங்காது.

2021 முதல் இதெல்லாம் 'போஷன் டிராக்கர்' என்று செல்போனிலும் ஏற்ற வேண்டும். டவர் கிடைக்காத இடத்தில் பாறை மேல் ஏறி நின்று டேட்டா ஏற்றுகிற டீச்சரை நீங்கள் பார்த்ததில்லை, நான் பார்த்திருக்கிறேன். கீழே மொபெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் நான்தான். ஃப்ரீலான்ஸ் என்றால் சாயங்காலம் டிரைவர் வேலை என்று அர்த்தம்.

அப்படி டிரைவராகப் போனபோது பார்த்த இரண்டு வீடுகளைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

முதல் வீட்டில் மூன்றரை வயசுப் பையன். மையத்தில் சேர்ந்து இரண்டு மாதமாக ஒரு வார்த்தை பேசவில்லை. கொடுத்தால் சாப்பிடுவான், உட்கார் என்றால் மற்ற பிள்ளைகளைப் பார்த்து உட்காருவான். வாய் மட்டும் பூட்டு. அதற்கு முன்னால் ஒரு நர்சரியில் காட்டியபோது 'மந்தம்' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அம்மாக்காரி பயந்துபோனாள். பாட்டி நாக்கில் வசம்பு உரசித் தடவிக்கொண்டிருந்தார்.

நாங்கள் போனபோது பையன் எங்களைக் கண்டதும் மாட்டுக் கொட்டகைக்குள் ஓடிவிட்டான். இவள் அவனைக் கூப்பிடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, "அவ்வா, கன்று போட்டு எத்தனை நாளாச்சு?" என்று தெலுங்கில் ஆரம்பித்தாள். கன்று, மழை, மருமகளின் முழங்கால் வலி என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. ஜி.எஸ்.டி. கடைசித் தேதி ஞாபகம் வந்து நான் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிஷம் போயிருக்கும். கொட்டகைக்குள்ளிருந்து ஒரு குரல், நல்ல கணீர்க் குரல்!

"கூர்ச்சோ! சேதுலு கட்டுகோ!"

உட்காரு, கையைக் கட்டு! எட்டிப் பார்த்தால், இரண்டு ஆட்டுக்குட்டிகளை எதிரே நிறுத்தி வைத்துக்கொண்டு துரை பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார். காலையில் என் மனைவி மையத்தில் சொன்ன காக்காக் கதைதான். ஒரு வரி விடாமல் அப்படியே தெலுங்கில். நடுவில் அவள் மூக்குக் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொள்கிற மாதிரி அவனும் தூக்கி விட்டுக்கொண்டான். வகுப்பில் ஒரு குட்டி திரும்பிப் போகப் பார்த்தது. காதைப் பிடித்து நிறுத்தினான்.

இரண்டு மாதமாக அவ்வளவையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். புது பாஷைக்குள் விழுகிற குழந்தை சில வாரமோ சில மாதமோ வாயைத் திறக்காமல் வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பது உலகம் பூராவும் உள்ள வழக்கமாம். இதற்கு ஆராய்ச்சிக்காரர்கள் 'மௌன காலம்' என்று பேர் கூட வைத்திருக்கிறார்கள். என் பாஷையில் சொன்னால் சஸ்பென்ஸ் அக்கவுண்ட். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். விவரம் தெரிந்ததும் உரிய இடத்துக்கு மாற்றிவிடலாம். அந்த நர்சரிக்காரர்கள் விசாரிக்காமலேயே வாராக்கடன் என்று எழுதித் தள்ளிவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து இவள் கதையை முதலில் தெலுங்கில், அப்புறம் தமிழில் சொன்னாள். மூன்றாவது வாரம் பையன் எழுந்து நின்று, "டீச்சர், காக்கா வடை துன்னுச்சு" என்றான். இப்போது அவனைப் பேசாமல் இருக்க வைப்பதுதான் ஆயாவின் பிரச்னை.

இதோடு நிறுத்தினால் நல்ல கதைதான். ஆனால் இரண்டாவது வீடு இருக்கிறது.

அது கன்னடக் குடும்பம். மூன்று வயசுப் பெண் குழந்தை. அதுவும் பேசாது, ஆனால் சிரித்த முகம். பாட்டுக்கு மற்ற பிள்ளைகள் கை தட்டினால் ஒரு நொடி பின்னால் தானும் தட்டும். எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். "கன்னடப் பிள்ளை, தமிழ் புரியலை, போகப் போகச் சரியாயிடும்" என்று ஆயா சொன்னாள். பையன் விஷயத்தில் பார்த்தோமே என்று நானும் அதையேதான் சொன்னேன்.

இவள் மட்டும் நிம்மதியாக இல்லை. "ஏங்க, அந்த ஒரு நொடிதான் எனக்கு உதைக்குது" என்றாள்.

அந்த வீட்டுக்குப் போனோம். குழந்தை முற்றத்தில் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தது. இவள் அதன் முதுகுக்குப் பின்னால் நின்று கன்னடத்தில் "பா, புட்டி, இல்லி பா" என்று கூப்பிட்டாள். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாக. திரும்பவில்லை. சமையல்கட்டில் ஒரு தட்டு விழுந்து உருண்டது. நான் திடுக்கிட்டேன், குழந்தை மண்ணைக் குவித்துக்கொண்டே இருந்தது.

"ஹடமாரி அவ, கூப்பிட்டா வரமாட்டா" என்றாள் அம்மா. பிடிவாதக்காரியாம்.

பையன் பேசாதது தமிழில் மட்டும். இந்தக் குழந்தை வீட்டிலும் பேசவில்லை. தமிழ் மட்டும் தெரிந்த டீச்சருக்கு இரண்டு மௌனமும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். அந்த வீட்டு பாஷையில் கூப்பிட்டுப் பார்த்ததால்தான் வித்தியாசம் தெரிந்தது. சோறாக்கிப் போடுகிற வேலை என்று சொல்கிற நண்பர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

காதைப் பரிசோதிக்க வேண்டும் என்று சொன்னதுதான் தாமதம், தாத்தா எழுந்துவிட்டார். "எங்க வீட்டுப் பொண்ணுக்குச் செவிடுன்னு ஊர்ல பேர் வைக்க வந்தியாம்மா? நாளைக்கு யார் கட்டிக்குவான்?" மூன்று வயசுக் குழந்தைக்குக் கல்யாணக் கவலை! ஆனால் அவர் கோபத்தை என்னால் கேலி பண்ண முடியவில்லை. கை நடுங்கிக்கொண்டிருந்தது அவருக்கு. இரண்டாவது தடவை போனபோது கதவே திறக்கவில்லை. மூன்றாவது தடவை அம்மா மட்டும் வாசலில் நின்று, மாமனாருக்குக் கேட்காமல் இரண்டு வார்த்தை பேசினாள். நாலாவது தடவை இவள் காதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர்கள் போட்ட முத்தெயையும் கீரைச் சாற்றையும் சாப்பிட்டுவிட்டு, சீட்டு விளையாடுகிற பெரியவரிடம் தன் மாமனாரின் சர்க்கரை வியாதி பற்றிப் பேசிவிட்டு வந்துவிட்டாள். எனக்கும் ஒரு உருண்டை கிடைத்தது.

"ஒரு விஷயமும் நடக்கலையே?" என்றேன், மொபெட்டை உதைத்துக்கொண்டே.

"நடந்துச்சு. போறப்ப தாத்தா 'மறுபடி எப்போ வருவே'ன்னு கேட்டார், கவனிக்கலையா?" என்றாள்.

2013-ல் வந்த ஒரு தேசியத் திட்டத்தின்படி டாக்டர் குழு ஒன்று வருஷத்துக்கு இரண்டு முறை மையத்துக்கே வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் எல்லாம் பார்ப்பார்கள். குழு வந்த அன்று பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றவர் தாத்தா. அங்கிருந்து மாவட்ட மருத்துவமனை, மெஷின் வைத்துப் பரிசோதனை. இரண்டு காதிலும் குறை, ஆனால் கருவி வைத்தால் கேட்கும் என்றார்கள். இப்படிப்பட்ட விஷயத்தில் ஒவ்வொரு மாதமும் கணக்கு. கேட்காத காலம் முழுக்கப் பேச்சும் தள்ளிப் போகும்.

இந்த வேலைக்குப் பேர் சம்பளம் இல்லை சார், 'மதிப்பூதியம்'. மத்திய அரசு 2018 அக்டோபரிலிருந்து அதை 3,000-லிருந்து 4,500 ரூபாயாக உயர்த்தியது. தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் மேலே போட்டுத் தருகின்றன. இவர்களுக்கும் கிராஜுவிட்டி உண்டு என்று சுப்ரீம் கோர்ட் 2022 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னது. 1975-லிருந்து 2022 வரை எத்தனை வருஷம் என்று கழித்துப் பார்ப்பதை பி.காம். படித்தவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

போன மாதம் ஒரு ராத்திரி, ஒன்பது மணி இருக்கும். அந்தக் குழந்தையின் அம்மா போன் செய்தாள். நான்தான் எடுத்தேன். ஒரே படபடப்பு. காதுக் கருவி வந்து நாலு நாள் ஆகிறது, ஏதாவது கோளாறோ என்று பயந்து போனை இவளிடம் கொடுத்தேன். கன்னடத்தில் ரொம்ப நேரம் பேச்சு. நடுநடுவே பின்னணியில் குக்கர் விசில்.

சமையல் முடிந்து அடுப்பை அணைத்தாளாம். குழந்தை குக்கரைக் காட்டிக் காட்டி அழுகிறதாம். மறுபடி பற்ற வைத்தால் சிரிக்கிறதாம். இதோடு பதினொன்றாவது விசில். பருப்பு கரைந்து தண்ணியாகப் போய்விட்டதாம். சிலிண்டர் தீர்ந்தால் டீச்சரம்மாதான் பொறுப்பு என்கிறாள்.

போனை வைத்துவிட்டு இவள் வீட்டுப் பார்வைப் பதிவேட்டைப் பிரித்தாள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, இதை எந்தக் காலத்தில எழுதறது?"