ஒரு பேட்ஜ் படுத்திய பாடு!

2018 கோடையில், வாஷிங்டன் பக்கத்தில் இருக்கும் என் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். "எத்தனை நாளைக்கும்மா சமையலறையையே சுத்தி வருவே? கிளம்பு" என்று ஒரு சனிக்கிழமை என்னையும் பேரனையும் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனாள். நுழைவுக் கட்டணம் கிடையாது என்றதுமே எனக்குப் பாதி சந்தோஷம்!

ஒரு கூடம் நிறைய தேர்தல் சாமான்கள். கொடி, தொப்பி, பேட்ஜ்... என்ன இல்லை என்கிறீர்கள்? 1789-ல் ஜார்ஜ் வாஷிங்டன் பதவியேற்றபோதே, அவர் பெயரின் முதலெழுத்துகள் பொறித்த பித்தளைப் பொத்தான்களைக் கோட்டில் தைத்துக்கொண்டார்களாம். 1840-ல் ஹாரிசன் என்பவரை, "மரக்குடிசையில் கிடக்கத்தான் லாயக்கு" என்கிற மாதிரி எதிர்த்தரப்புப் பத்திரிகை ஒன்று கேலி செய்தது. அவர் ஆட்கள் அந்தக் குடிசையையே சின்னமாக்கிவிட்டார்கள். பீங்கான் தட்டிலும் கோப்பையிலும் குடிசைப் படம்! அவர் பிறந்ததோ பெரிய பண்ணை வீட்டில். பெண்களுக்கு நாடு முழுவதும் ஓட்டுரிமை வந்தது 1920-ல்தான். ஆனால் கட்சி அதற்கு 80 வருஷம் முன்பே அடுக்களைக்குள் நுழைந்துவிட்டது, பார்த்தீர்களா?

1952-ல் நின்ற ஐசன்ஹோவருக்கு 'ஐ லைக் ஐக்' என்று பேட்ஜ். அதே வாசகம் பெண்களின் காலுறையிலும் பவுடர் டப்பாவிலும்கூட வந்ததாம்.

"இதைப் பார்த்து யாராவது மனசு மாறுவாங்களா?" என்றேன்.

மனோதத்துவம் படித்த மகள் சிரித்தாள். "பார்க்கிறவங்க இல்லேம்மா, போட்டுக்கிறவங்கதான் மாறுவாங்க" என்று ஒரு சோதனையைச் சொன்னாள். 1966-ல் வெளியானது, கலிபோர்னியாவில் நடந்தது. 'கவனமாக வண்டி ஓட்டுங்கள்' என்ற பெரிய, அசிங்கமான பலகையை வாசலில் நட அனுமதி கேட்டபோது, 100-க்கு 17 பேர்கூடச் சம்மதிக்கவில்லை. இரண்டு வாரம் முன்பு அதே மாதிரி வாசகமுள்ள சின்ன அட்டையை வைத்துக்கொள்ளச் சம்மதித்தவர்களிடம் கேட்டால், 76 பேர் சரி என்றார்களாம்! சின்னதை ஏற்றுக்கொண்டதுமே, 'நான் இப்படிப்பட்ட ஆள்' என்று மனசு தீர்மானித்துவிடுகிறது.

எனக்குச் சொரேர் என்றது. 1967 தேர்தல். என் அண்ணனுக்கு 13 வயசு. பள்ளிக்கூடத்தில் சிநேகிதன் குத்திவிட்ட உதயசூரியன் பேட்ஜோடு வீட்டுக்கு வந்தான். திண்ணையில் கதர் வேட்டியோடு பெரியப்பா. "கழட்டுடா அதை!" என்று ஒரே அதட்டல். அதுவரை அண்ணனுக்குக் கட்சியும் தெரியாது, கொள்கையும் தெரியாது. ஆனால் அத்தனை பேர் முன்னால், "மாட்டேன்" என்று சொல்லிவிட்டானே! அதிலிருந்து அவன் அந்தக் கட்சிதான். பெரியப்பா எங்கள் வாசற்படி மிதிப்பதை நிறுத்தினார். 1975-ல் கண்ணை மூடும்வரை இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தையில்லை. கொள்கைதான் பேட்ஜாக வந்தது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். பேட்ஜ்தான் கொள்கையாக மாறியதோ?

வெளியே வரும்போது பேரன் கடையில் ஒரு பேட்ஜ் வாங்கிக் குத்திக்கொண்டான். "கழட்டு" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "யாருடா கண்ணா இவர்? உனக்கு ஏன் பிடிக்கும்?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தான். "தெரியல பாட்டி. கலர் நல்லா இருக்கு!"

வீடு திரும்பும்போது அதுவாகவே பைக்குள் போய்விட்டது. சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பிள்ளை எந்தச் சின்னத்தோடு வந்து நின்றாலும், அதட்டாதீர்கள். கேளுங்கள். அன்று பெரியப்பா கேட்டிருந்தால், அண்ணனும் "கலர் நல்லா இருக்கு" என்றுதான் சொல்லியிருப்பான்.