செங்கண்மாரியும் கீழ்க்காய் நெல்லியும்



தமிழ்நாட்டில் மஞ்சட்காமாலை என்பதை யாழ்ப்பாணத்தில் நாம் செங்கண்மாரி என்போம். பெயர் எதுவானாலும், பிள்ளையின் கண் மஞ்சளாகி, சிறுநீர் தேயிலைச் சாயம்போல் போகத் தொடங்கிவிட்டால் எமது வீடுகளில் நடப்பது ஒன்றுதான். எண்ணெயும் இறைச்சியும் நிறுத்தப்படும். வீட்டு மூத்தவர் ஒருவர் வேலியோரம் குனிந்து கீழ்க்காய் நெல்லி தேடுவார். அரைத்து மோரில் கரைத்து வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். இரண்டொரு வாரத்தில் பிள்ளை எழுந்து விளையாடும். மருந்து பலித்தது என்று ஊரே சொல்லும்.

எனக்கும் அப்படித்தான் நடந்தது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. புத்தளத்துப் பக்கம் ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்தில் கண் மஞ்சளாகிப் படுத்துவிட்டேன். உம்மம்மா அந்தப் புதிய மண்ணிலும் எங்கேயோ தேடி இந்தச் செடியைக் கொண்டுவந்து விட்டார். நானும் எழும்பிவிட்டேன். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் அந்தக் கதை சொல்லப்படுகிறது.

ஆனால் செங்கண்மாரி என்பது ஒரு நோயின் பெயரன்று, ஓர் அடையாளத்தின் பெயர் என்பதைச் சகோதரிகள் முதலில் மனதில் வைக்க வேண்டும். ஈரலைத் தாக்கும் வைரஸ்கள் ஏ, பி, சி, டி, ஈ என ஐந்து வகை. இவற்றில் ஏயும் ஈயும் அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் வருபவை. யாழ்ப்பாணத்தில் நாம் குடிப்பது சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறும் கிணற்று நீர். மலசலகூடக் குழியும் கிணறும் கிட்டக் கிட்ட இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 2009இல் வவுனியா முகாம்களில் அத்தனை சனங்களை ஓரிடத்தில் அடைத்தபோது ஏ வகைச் செங்கண்மாரி பரவியது. இந்த ஏ வகை, சிறு பிள்ளைகளில் பெரும்பாலும் தானாகவே மாறிவிடும். மோர் கொடுத்தாலும் மாறும், கொடுக்காவிட்டாலும் மாறும். பெயர் மட்டும் இலைக்குப் போய்விடும்!

பி வகை அப்படிப்பட்டதன்று. அதைப் பற்றித்தான் இம்முறை எழுத வேண்டியிருக்கிறது.

சில மாதங்களுக்கு முன், அஸர் தொழுகைக்குப் பின் சோனகத் தெருத் தாய் ஒருவர் தண்ணீர்ப் போத்தலோடு என்னிடம் வந்தார். மகனுக்குக் கட்டார் வேலை சரிவந்து, மெடிக்கல் எடுத்த இடத்தில் ‘ஹெப்பட்டைட்டிஸ் பி இருக்கிறது, தகுதியில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். பையன் பார்வைக்கு நல்ல சுகதேகி. நிக்காஹ் பேசி முடித்த பையன் வேறு. “ஹஸரத், ஓதித் தாங்கோ. இறால் சாப்பிட்டால் சின்னனிலேயே இவனுக்குக் கிரந்தி வரும், உடம்பெல்லாம் தடிக்கும். அந்தச் சூடுதான் ஈரலுக்குப் போயிட்டு. கீழ்க்காய் நெல்லி நாற்பது நாள் கொடுக்கிறன். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊருக்குத் தெரிஞ்சிடும்” என்றார். தட்டு, கோப்பை, துவாய் எல்லாவற்றையும் அவர் ஏற்கெனவே பிரித்துவிட்டார். பையன் குசினிக்குப் பின்னால் தனியே இருந்து சாப்பிடுகிறானாம்.

ஓதிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளையும் அப்போதே குறிக்கச் சொன்னேன். பிறகு எனக்குத் தெரிந்த டொக்டர் ஒருவரிடம் கேட்டும், தேடி வாசித்தும் அறிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

பி வைரஸ் இரத்தத்தாலும், தாம்பத்திய உறவாலும், பிரசவ வேளையில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவும். ஒரே ஸஹனில் சாப்பிடுவதாலோ, ஸலாம் சொல்லிக் கைகொடுப்பதாலோ, ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பதாலோ பரவாது. சவர அலகையும் பல் துலக்கும் பிரஷ்ஷையும் பிரித்தால் போதும். தட்டைப் பிரிக்கத் தேவையில்லை.

இனி அந்தத் தாய் சொன்ன கிரந்திக்கு வருவோம். டொக்டர்மார் இதை ஒவ்வாமை என்பார்கள், நாம் அலர்ஜி என்கிறோம். இந்தச் சொல்லே 1906இல் பிறந்ததுதான். வியன்னாவில் கிளெமென்ஸ் வொன் பிர்க்கே என்ற குழந்தை வைத்தியர் இருந்தார். அக்காலத்தில் தொண்டைக்கரப்பானுக்குக் குதிரையின் இரத்தத்திலிருந்து எடுத்த ஸீரத்தை ஊசியாக ஏற்றுவார்கள். சில பிள்ளைகளுக்கு ஒரு வாரம் கழித்துத் தோல் தடிக்கும், மூட்டு நோகும், காய்ச்சல் வரும். ஸீரம் நஞ்சன்று, அதை எதிர்க்க எழுந்த உடம்பின் சொந்தக் காவலே இதைச் செய்கிறது என்று அவரும் பேலா ஷிக் என்பவரும் கண்டு எழுதினார்கள். அதிலிருந்துதான் பிர்க்கே ‘அலர்ஜி’ என்ற சொல்லை உண்டாக்கினார்.

பி வகை ஈரல் நோயிலும் இதே கதைதான்! இந்த வைரஸ் ஈரலின் கலங்களை நேரே கொல்வதில்லை. உள்ளே இருக்கும் வைரஸைப் பிடிக்கவென்று எமது உடம்பின் காவற்படை வந்து அந்தக் கலங்களையே தாக்குகிறது. கள்ளனைப் பிடிக்க வீட்டை இடிப்பது போல. சிலருக்குக் கண் மஞ்சளாகுமுன் தோல் தடிப்பும் மூட்டு வலியும் வருவதுண்டு, பிர்க்கே பார்த்த பிள்ளைகளுக்கு வந்தது போலவே. இதனால்தானோ என்னவோ எமது மூத்தவர்கள் தோலையும் ஈரலையும் ஒன்றாகப் பேசினார்கள். ஆனால் இந்தப் பையனின் இறால் கிரந்தி வேறு, ஈரலில் உள்ள வைரஸ் வேறு. ஒன்று மற்றதாக மாறாது. இறால் சாப்பிட்டு மூச்சு முட்டினால் மட்டும் எதையும் அரைத்துக்கொண்டு நில்லாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இந்த வைரஸைக் கண்டுபிடித்த வரலாறும் ஆச்சரியமானது. அமெரிக்கரான பரூச் பிளம்பேர்க் ஈரல் நோயைத் தேடியவரல்லர். மனிதருக்கு மனிதர் இரத்தம் எப்படி வேறுபடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவர். பலமுறை இரத்தம் ஏற்றப்பட்டவரின் உடம்பு அந்நிய இரத்தத்தில் உள்ளவற்றுக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கி வைத்திருக்கும் என்பது அவர் கணிப்பு. அப்படிப்பட்ட ஒரு நோயாளியின் இரத்தம், 1963இல், அவுஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தோடு சேர்ந்து வினை காட்டியது. ‘அவுஸ்திரேலிய அன்டிஜன்’ என்று பெயரிட்டார். அது பி வைரஸின் மேலுறை என்பது சில ஆண்டுகளில் தெளிவானது. 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தடுப்பூசிக்கு வழி வகுத்தவர்களில் ஒருவரும் அவரே.

அந்தப் பிளம்பேர்க்கின் பெயர் எமது கீழ்க்காய் நெல்லியோடும் சேர்ந்திருக்கிறது! சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜன், பின்னாளில் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். அவர் இந்தச் செடியைக் காயவைத்துத் தூளாக்கி 200 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று முறை, 30 நாள், பி வைரஸ் தங்கியிருந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். சிலருக்கு மருந்தில்லாத வெறுந்தூள். 1988இல் பிளம்பேர்க்கும் சேர்ந்து ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். செடித்தூள் எடுத்தவர்களில் 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் அந்த அன்டிஜன் காணாமற் போயிருந்தது. வெறுந்தூள் எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி. உலகம் திரும்பிப் பார்த்தது. உம்மம்மாமார் எல்லாரும் வென்றுவிட்டார்கள் என்றே தோன்றும்.

ஆனால் மற்ற நாட்டவர்கள் இதையே திரும்பச் செய்து பார்த்தார்கள். 1990இல் தாய்லாந்தில் பலன் தென்படவில்லை. 1994இல் நியூசிலாந்திலும் இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து 2011இல் பரிசீலித்தவர்களும் நம்பத்தக்க சான்று இல்லை என்றார்கள். அரபுக் கல்லூரியில் அறிவிப்பாளர் வரிசையை எடைபோடப் படித்த எனக்கு இது அந்நியமாகத் தெரியவில்லை. ஒருவர் நல்லவர், நேர்மையானவர், அவர் சொன்னது செவிக்கும் இனிமை. ஆயினும் வேறு வழிகளால் உறுதிப்படாத செய்தியை அதற்குரிய இடத்தில்தானே வைக்கிறோம்? தியாகராஜன் செய்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. பாட்டி வைத்தியம் என்று சிரித்துவிட்டுப் போகாமல், எண்ணிப் பார்க்கக்கூடிய முறையில் வைத்தார். அப்படி வைத்ததனால்தான் மற்றவர்களால் சோதிக்கவும் முடிந்தது.

இன்று பி வைரஸை அடக்கி வைக்க டெனோபோவிர், என்டெகாவிர் என்ற மாத்திரைகள் உண்டு. எல்லோருக்கும் உடனே தேவைப்படாது. இரத்தத்தில் வைரஸின் அளவையும் ஈரலின் நிலையையும் பார்த்து டொக்டர் சொல்வார். தொடங்கியவர் அவரைக் கேளாமல் நிறுத்தினால் நோய் திடீரென்று பொங்கி எழும். இலை மருந்தை நம்பி மாத்திரையை விடுவதில் உள்ள ஆபத்து இதுதான். மாத்திரை இன்னும் தேவைப்படாதவரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பரிசோதனைக்குப் போக வேண்டும். ஏனெனில் இந்த வைரஸ் சத்தமில்லாமல் இருந்து, வருடங்கள் கழித்து ஈரல் சுருக்கத்தையும் புற்றுநோயையும் கொண்டுவரக் கூடியது.

நிக்காஹ் விடயத்தில் நான் சொன்னது இரண்டு வார்த்தை. பெண் வீட்டாருக்கு மறைக்காதீர்கள். அந்தப் பெண்ணுக்கு இரத்தப் பரிசோதனை செய்து, தொற்றும் எதிர்ப்பும் இல்லையென்றால் முன்கூட்டியே தடுப்பூசி போடுங்கள். ஊசி வேலை செய்தால் கணவனிடமிருந்து அவளுக்குத் தொற்றாது. திருமணத்தை முறிக்க இந்த நோய் காரணமாகத் தேவையில்லை. மறைத்துச் செய்தது பிறகு வெளிவந்தால்தான் குடும்பம் முறியும்.

கருவுற்றிருக்கும் சகோதரிகள் இதைக் கவனமாகக் கேளுங்கள். வளர்ந்தவருக்குப் பி வைரஸ் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு உடம்பே போராடி அதை வெளியேற்றிவிடும். பிறக்கும்போது தொற்றும் பிள்ளைக்கோ, காவற்படை கள்ளனை இன்னும் அடையாளம் காணப் பழகவில்லை. பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு அது நிலைத்துவிடும். எனவே தாய்க்குத் தொற்று இருந்தால் முன்னரே ஆஸ்பத்திரியில் சொல்லிவைக்க வேண்டும். பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் பிள்ளைக்குத் தடுப்பூசியும் எதிர்ப்பொருள் ஊசியும் கொடுக்கலாம். அதன்பின் தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை.

இலங்கையில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் இது 2003இல் தொடங்கிச் சேர்க்கப்பட்டது. 2008 முதல் ஐந்து நோய்க்கான ஒரே ஊசியாக இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் கொடுக்கப்படுகிறது. ஆகவே உங்கள் சின்னப் பிள்ளைகளின் கார்டில் அது இருக்கும். அதற்கு முன் பிறந்த மூத்த மகனுக்கும் மருமகளுக்கும் பெரும்பாலும் இருக்காது. அவர்கள் ஓர் இரத்தப் பரிசோதனை செய்து, தேவையென்றால் ஆறு மாதத்துக்குள் மூன்று ஊசிகளாகப் போட்டுக்கொள்ளலாம். பிள்ளையின் கார்டை அலுமாரியிலிருந்து எடுக்கும்போது, அவர்கள் பிறந்த ஆண்டையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.