முக்காற் சுற்று

இறுக்கம் கூடக்கூடப் பாதுகாப்பும் கூடும் என்பது நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ள ஒரு நம்பிக்கை. வகுப்பறையிலும், அலுவலகத்திலும், ஆட்சிப் பீடத்திலும் இந்நம்பிக்கை விளைத்த தீங்குகளைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ஆனால் அதனைச் சில நிமிடங்களிற் பொய்யென்று நிறுவிக் காட்டக்கூடிய சிறு பொருளொன்று நாம் ஏறிச் செல்லும் காரின் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஒயில் பில்டரையே குறிப்பிடுகிறேன்.

பால்பேணி போன்ற ஒரு தகரக் கூடு. உள்ளே மடித்து மடித்து வைக்கப்பட்ட வடிதாள். வாயோரத்தில் ஒரு றப்பர் வளையம். எஞ்சின் ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 40 முதல் 60 இறாத்தல் வரையான அமுக்கத்தோடு ஒயில் இதனூடாகப் பாய்கின்றது. அந்த அமுக்கத்தை மறித்து நிற்பது இந்த வளையம். ஆகவே, பெரிய ஸ்பனர் கொண்டு பலங்கொண்ட மட்டும் முறுக்க வேண்டுமென்றே எவரும் எண்ணுவர். பில்டரைச் செய்தவர்கள் கூறுவதோ வேறு. வளையத்திற் புதிய ஒயிலைச் சிறிது தடவுக. வளையம் எஞ்சினின் முகப்பைத் தொடும்வரை கையாற் சுழற்றுக. தொட்டபின் மேலும் ஒரு முக்காற் சுற்று, அதுவும் கையாலேயே. அவ்வளவுதான். அரைச் சுற்று, ஒரு சுற்று என அளவு பில்டருக்குப் பில்டர் சற்று வேறுபடலாம். பெரும்பாலும் அது தகரத்தின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

இதன் நியாயம் எளிது. கசிவைத் தடுப்பது முறுக்குபவனின் பலமன்று, றப்பரின் மீள்தன்மை. அளவோடு நசுங்கிய றப்பர் திருப்பித் தள்ளுகின்றது. அத்தள்ளுதலே ஒயிலை மறிக்கின்றது. அளவு மீறி நசுங்கினால் வளையம் பிதுங்கி உருக்குலையும். ஒயில் தடவாத வளையம் முகப்பைப் பற்றி முறுகி, ஒழுங்காக அமர்வதற்கு முன்னரே இறுகிவிட்டது போன்ற பொய்யுணர்வைக் கைக்குத் தரும். பழைய வளையம் முகப்பில் ஒட்டிக் கிடப்பதைக் கவனியாது அதன்மேற் புதியதைப் பொருத்தினாலோ, எவ்வளவு இறுக்கியும் பயனில்லை; அமுக்கம் ஏறியதும் ஒயில் பீறிடும்.

இவற்றை எனக்குக் கற்பித்தவன் ஒரு காலத்தில் என்னிடம் கணிதம் படித்த மாணவன். க.பொ.த. சாதாரண தரத்தோடு படிப்பு நின்றுபோக, கராஜ் வேலைக்குச் சென்றவன். கரும்பலகையிற் பின்னங்களைக் கண்டு மருண்ட அவன், இன்று வளையம் தொட்ட இடத்தில் தகரத்தின்மீது சோக்குக் கட்டியால் ஒரு கோடிட்டு, அக்கோடு முக்கால் வட்டம் வரும்வரை கையாலே திருப்பி நிறுத்துகிறான்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நல்லதில்லையோ தம்பி?" என்றேன்.

"இல்லை மாஸ்டர், இது காணும்" என்றவன், சற்றுப் பொறுத்துச் சொன்னான்: "முந்தி நிண்ட கராஜிலை சங்கிலி ஸ்பனராலைதான் இறுக்கினனான். ஒழுகினால் என்ரை சம்பளத்திலை வெட்டுவினம். கூட இறுக்கினால் பிறகு கழட்டுறவன்தான் பாடுபடுவான். என்னை ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

எத்தனை பெரிய உண்மை! மேலதிகமான அந்த ஒரு சுற்று பையனின் அறியாமையில் விளைந்ததன்று. முக்காற் சுற்றுப் போதுமென்பதை அவன் அன்றும் அறிந்தேயிருந்தான். அறிவை அச்சம் வென்றது. அவ்வச்சத்தைச் சம்பள ஏற்பாடு உண்டாக்கியது. அதன் விலையைக் கொடுப்பவரோ முதலாளியுமல்லர், காருக்கு உரியவருமல்லர். சில மாதங்களின் பின், அசையாத பில்டரின் கீழே மல்லாந்து கிடந்து, தகரத்தைத் திருப்புளியாற் குத்தித் துளைத்து, கிழிந்த விளிம்பிற் கை வெட்டுண்டு, சுடும் ஒயில் முழங்கைவழி வழிய அதனைக் கழற்றும் இன்னொரு தொழிலாளியே கொடுக்கிறான். ஒரு தொழிலாளியின் அச்சம் மற்றொரு தொழிலாளியின் காயமாகிறது.

இப்போது அவன் கையாற் பொருத்துவதற்குக் காரணம், பொருத்தியபின் எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டுக் குனிந்து பார்க்க அவனுக்கு நேரம் கொடுக்கப்படுவதே. கசிவு இருந்தால் அப்போதே தெரிந்துவிடும், திருத்திவிடலாம். அச்சத்துக்கு மாற்று அசட்டையன்று, சோதித்துப் பார்க்கும் அவகாசம். சம்பளத்தை வெட்டும் இடங்கள் முதலில் வெட்டுவது இந்த அவகாசத்தைத்தான்.

இத்தகைய கைகளுக்கு நாம் பட்ட கடன் சிறிதன்று. 1990களிற் குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடிய பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை வீதியில் நிறுத்தி வைத்தவை அவையே. எரியாத மண்ணெண்ணெய் ஒயிலோடு கலந்து அதனை நீர்க்கச் செய்யும் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் அக்கைகளுக்குக் கற்பிக்கவில்லை. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025இல் மீண்டும் திறக்கப்படும் வரையும், நாடு பழைய வண்டிகளிலேயே ஓடியது. அவற்றை ஓடச் செய்தவர்களும் இவர்களே.

ஊழியர் சேமலாப நிதிக்கான சட்டம் 1958இல் வந்தது. ஆயினும் என் மாணவன் முன்னர் வேலை செய்த இடத்தில் அவனுக்கு நியமனக் கடிதமுமில்லை, சேமலாப நிதியுமில்லை. பரீட்சைப் பெறுபேற்றுடன் ஒரு மாணவனின் கணக்கை முடித்துவிடும் ஆசிரியர்களாகிய நாம், அதன்பின் அவன் எத்தகைய நிபந்தனைகளின் கீழ் உழைக்கிறான் என்று வினவுவதில்லை. வினவ வேண்டும். கைத்தொழிலின் அறிவை அறிவென்று ஏற்பது முதற்படி. அவ்வறிவை அச்சமின்றிப் பயன்படுத்தும் உரிமையை அவனுக்குப் பெற்றுக் கொடுப்பதில் அவனோடு நிற்பது அடுத்த படி. முதற்படியோடு நின்றுவிடுவோமாயின், நமது பாராட்டுரைகள் அவனது சம்பளத்தில் ஒரு சதத்தையேனும் கூட்டப்போவதில்லை.